அறுபது பேர், ஐம்பது நிமிடம்: கல்லூரி ஆங்கில வகுப்புக்கு எந்த லெசன் பிளான்?

பள்ளி ஆசிரியர் பி.எட். படிக்கும்போதே பாடக்குறிப்பு எழுதிப் பழகிவிடுகிறார். நெட், செட் தகுதித் தேர்வுகள், முனைவர் பட்டம் என்ற வழியில் கல்லூரிக்கு வருபவருக்கு அந்தப் பயிற்சி கட்டாயம் இல்லை. ஜூனில் வேலைக்குச் சேர்ந்ததும் கையில் சிலபஸ், ஐந்து யூனிட், ஒரு ஒர்க் டைரி மூன்றும் வந்துவிடும். ஐந்து யூனிட்டை இருக்கிற நாள்களால் வகுத்து, 'யூனிட் 1, பாடம் 2, பக்கம் 14 வரை' என்று டைரியில் எழுதி வைப்பதைத்தான் பெரும்பாலோர் லெசன் பிளான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது போர்ஷன் பிரிப்பு. அந்த ஹவரில் மாணவர் என்ன செய்யப் போகிறார் என்பது அதில் எங்கும் இல்லை.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்துக் கலை அறிவியல் கல்லூரியின் முதலாண்டுப் பொது ஆங்கில வகுப்பை மனதில் வைத்தே இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது. ஒரே பெஞ்சில் ஆங்கிலவழி மெட்ரிக்கில் படித்தவர், தமிழ்வழி அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர், விளவங்கோடு பக்கமிருந்து வந்து வீட்டில் மலையாளம் பேசுபவர் என மூவரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு மிக எளிதாக இருப்பது அடுத்தவருக்கு எட்டாது. இந்த வகுப்புக்கு எந்தத் திட்டமுறை உதவும் என்று திணறுபவர்களுக்காக நான்கு முறைகளை எடுத்துக்கொள்வோம்: பிபிபி, டாஸ்க் வழி, டிடிடி, பின்னோக்கித் திட்டமிடல்.

## எதை வைத்து அளப்பது?

மாணவருக்குக் கிடைக்கும் நேரம். முதன்மையான அளவுகோல் இதுதான். அட்டெண்டன்ஸ் எடுத்து, பின்பெஞ்ச் அமைதியாகிப் பாடம் தொடங்கினால் ஒரு ஹவரில் ஐம்பது நிமிடம் மிஞ்சும். அறுபது பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினால் ஆளுக்கு ஐம்பது விநாடி, அதுவும் ஆசிரியர் வாயே திறக்காமல் இருந்தால்! பக்கத்தில் இருப்பவரோடு இருபது நிமிடம் பேசவிட்டால் ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். எந்த லெசன் பிளானைப் பார்த்தாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

தயாரிப்பு நேரம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிப் பயிற்றுவிப்பு என்கிறது யூஜிசி விதி. சுயநிதிப் பிரிவுகளில் அதைத் தாண்டுகிற இடங்கள் உண்டு. ஒரு ஹவருக்கு இரண்டு மணி நேரத் தயாரிப்பு கேட்கும் முறை இரண்டாவது வாரமே கைவிடப்படும்.

திருத்தும் சுமை. அறுபது பத்திகள், ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் மூன்று மணி நேரம். இரண்டு செக்‌ஷன் என்றால் ஆறு. திட்டம் போடும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் நல்ல திட்டங்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தேர்வு. இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75 என்ற அமைப்பில் பேச்சுக்கு மதிப்பெண் அரிது. தேர்வை மறந்த திட்டத்தை மாணவரும் மதிக்கமாட்டார், ஹெச்.ஓ.டி.யும் ஏற்கமாட்டார்.

நாள் இழப்பு. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதற்கு மேல் கோட்டார் சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், பொங்கல், சிவராத்திரி, மண்டைக்காடு கொடை என இரட்டைப்படை செமஸ்டரில் விடுமுறைகள் வரிசையாக நிற்கின்றன. கிழமைக்குப் பதில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு வேலை நாள் சுழலும் டே ஆர்டர் இருப்பதால் பாடவேளை தள்ளித்தான் போகும், தொலையாது. ஆனால் ஒரு பாடத்தின் பாதிக்கும் மீதிக்கும் நடுவே பத்து நாள் விழுந்துவிடும்.

பெஞ்ச். தரையோடு பதித்த நீள பெஞ்ச். 'நால்வர் குழுவாக வட்டமாக உட்காருங்கள்' என்கிற அயல்நாட்டுக் கையேட்டு வரி நம் வகுப்பறையில் நடக்காது.

## பிபிபி: விளக்கு, பழக்கு, பேசவிடு

பிரசன்டேஷன், பிராக்டிஸ், புரொடக்‌ஷன் என்ற மூன்று படிகள். ஐம்பது நிமிடத்தை 15, 15, 20 என்று பிரிப்பது நல்லது. ஒரே ஒரு இலக்கணப் புள்ளிக்கு இதைவிடத் தெளிவான வடிவம் கிடையாது.

'சின்ஸ்', 'ஃபார்' பாடத்தையே எடுத்துக்கொள்வோம். முதலாண்டு மாணவர் பத்துப் பேரைக் கேட்டால் பலரும் 'ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்பார்கள். இது கவனக்குறைவால் வருவதல்ல. 'ரெண்டு வருஷமா இங்க படிக்கிறேன்' என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்வதை அவர் அப்படியே மாற்றுகிறார். மலையாளத்திலும் 'ரண்டு வர்ஷமாயி படிக்குன்னு' என்ற இதே அமைப்புதான். ஆக இரண்டு வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பிழை. ஆனால் சின்ஸுக்கும் ஃபாருக்கும் உள்ள வேறுபாடு தமிழிலேயே இருக்கிறது. 'திங்கட்கிழமையிலிருந்து', 'ஜூன் முதல்' என்று தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ். 'மூணு நாளா', 'ரெண்டு வருஷமா' என்று நீளத்தைச் சொன்னால் ஃபார். போர்டில் இடப்பக்கம் இந்தத் தமிழ்ச் சொற்களையும் வலப்பக்கம் ஆங்கிலத்தையும் எழுதினால் எட்டு நிமிடத்தில் விளங்கிவிடும். வினைச்சொல்லை 'ஹேவ் பீன் ஸ்டடியிங்' என்று மாற்ற வேண்டும் என்பதற்குத்தான் மீதி ஏழு நிமிடம்.

இனி இதில் எது கெடுகிறது? முதல் படி 15 நிமிடத்தில் நிற்காது. விளக்குவது ஆசிரியருக்குக் கைவந்த வேலை. ஒரு உதாரணம் இரண்டாகும், ஒரு விதிவிலக்கு நினைவுக்கு வரும், மணியைப் பார்த்தால் 35 நிமிடம் போயிருக்கும். மூன்றாவது படி ஹோம்ஒர்க் ஆகும். ஹோம்ஒர்க் ஒரே நோட்டிலிருந்து பத்து நோட்டுக்குப் போகும். 'பேசவிடு' என்ற பகுதி அடிபட்ட பிபிபி வெறும் இலக்கண லெக்சர்தான்.

அதனால்தான் எந்த முறையில் திட்டம் எழுதினாலும் கடைசி இருபது நிமிடத்தை முதலில் எழுதச் சொல்கிறோம். இந்தப் பாடத்துக்கு அது இப்படி இருக்கலாம்: பக்கத்தில் இருப்பவரிடம் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். எத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறீர்கள், எப்போதிருந்து இந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்பவை போல. கிடைத்த விடையில் மூன்றை எழுத வேண்டும். இதை எழுதி முடித்தபின், இந்த ஐந்து கேள்விக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னால் போனால் விளக்கம் தானாகவே சுருங்கும்.

பிபிபியின் மறைமுகச் செலவு இன்னொன்று. அன்றைக்கு எல்லாரும் சரியாகச் சொல்வார்கள், வியாழக்கிழமை வந்தால் பழையபடி 'சின்ஸ் டூ இயர்ஸ்'. போர்டில் எந்த வடிவம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சொன்னதால் வந்த சரி அது. அடுத்த வாரமும், மூன்று வாரம் கழித்தும் ஐந்து நிமிடம் ஒதுக்கி அதைத் திரும்பத் தொடாவிட்டால் நிலைக்காது.

புதிதாகச் சேர்ந்தவர், முதல் மாதம், வகுப்புப் பார்வையிட ஆள் வரும் நாள், மொத்த வகுப்புக்கும் பொதுவான ஒற்றைப் பிழை. இவற்றுக்கு பிபிபி.

## டாஸ்க் வழி: வேலையைக் கொடு, மொழி கூட வரும்

மாணவருக்கு ஒரு வேலையைக் கொடுத்து, அதை முடிக்க ஆங்கிலம் தேவைப்படும்படி அமைப்பது டாஸ்க் முறை. வெளிநாட்டுச் சரக்கு என்று இதைத் தள்ளிவைப்பவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. உலகம் முழுக்க இந்த முறைக்கு முன்னோடியாகக் காட்டப்படுவது நம் பக்கத்து முயற்சி. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு, பெங்களூர் மண்டல ஆங்கில நிறுவனத்தின் துணையோடு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளி வகுப்பறைகளில் நடத்திய திட்டம் அது. அதன் பிறகு 1996இல் ஆங்கிலப் பயிற்றுவிப்பு நூலாசிரியர் ஜேன் வில்லிஸ் அமைத்துக் கொடுத்த சட்டகம்தான் இன்று பயிற்சி முகாம்களில் அதிகம் சொல்லப்படுகிறது: முன்தயாரிப்பு, குழுவாக வேலை, அறிக்கை தயாரித்தல், அறிக்கை வாசித்தல், கடைசியில் மொழிக்கூறு.

இரண்டும் ஒன்றல்ல. நமக்கு முக்கியமான வேறுபாடு குழுவில் இருக்கிறது. வில்லிஸ் சட்டகம் குழுவை நம்பி நிற்கிறது. பிரபுவின் வகுப்பில் முதல் பாதி முழுவகுப்போடு ஆசிரியர் கேள்வி-பதிலாக நடக்கும், இரண்டாம் பாதியில் அதே மாதிரியான இன்னொரு வேலையை ஒவ்வொரு மாணவரும் தனியாகச் செய்வார். குழுவாக விட்டால் தாய்மொழிக்குத் திரும்பிவிடுவார்கள், ஒருவர் பிழையை மற்றவர் கற்பார் என்பது அவர் கவலை. பதித்த பெஞ்சும் அறுபது பேரும் உள்ள நம் வகுப்புக்கு பிரபுவின் வடிவம்தான் பொருந்தும். முன்பெஞ்ச் திரும்பிப் பின்பெஞ்சைப் பார்த்தால் பத்துப் பேர் கூட்டம் ஆகிவிடுகிறது. அதில் இருவர் பேசுவார்கள், எட்டுப் பேர் கேட்பார்கள், சத்தம் அடுத்த வகுப்புக்குப் போகும். வில்லிஸ் வடிவத்தை முப்பது பேருக்குக் குறைந்த வகுப்புக்கோ, நாற்காலியை நகர்த்த முடிகிற செமினார் ஹாலுக்கோ வைத்துக்கொள்ளலாம்.

ஐம்பது நிமிடத்துக்கு ஒரு மாதிரி. வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஐந்து பஸ், நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து மூன்று ரயில், கிளம்பும் நேரம், சேரும் நேரம், கட்டணம், நிலையத்திலிருந்து நடக்கும் நேரம் ஆகியவற்றை நீங்களே கற்பனையாக அமைத்து அரைப் பக்கத்தில் டைப் செய்யுங்கள். இருவருக்கு ஒரு அரைத்தாள் என்றால் முப்பது அரைத்தாள், ஜெராக்ஸ் கடையில் பதினைந்து ஏ4 தாள். ஒன்றுக்கு இரண்டு ரூபாய் வைத்தாலும் முப்பது ரூபாய். வகுப்பு முடிந்ததும் திரும்ப வாங்கிக் கவரில் போட்டுவிட்டால் அடுத்த செக்‌ஷனுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

முதல் 15 நிமிடம் முழுவகுப்போடு: ஒன்பது மணிக்கு முன் போய்ச் சேருவது எது, அதில் மலிவானது எது, ஏழு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன செய்வது? எல்லாம் ஆங்கிலத்தில், ரோல் நம்பர் வரிசை மாற்றி மாற்றி. அடுத்த 15 நிமிடம் தனிவேலை: குளச்சலில் வீடு, பத்து மணிக்குத் திருநெல்வேலியில் இன்டர்வியூ, அரை மணி முன்னதாகப் போக வேண்டும், கையில் இருநூறு ரூபாய். எதில் போவீர்கள், மற்றவற்றில் இரண்டை ஏன் ஒதுக்கினீர்கள்? மூன்று வாக்கியம் எழுத வேண்டும். பின் 12 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும். கடைசி 8 நிமிடம், நீங்கள் நடந்து பார்த்தபோது கண்ணில் பட்ட மூன்று பிழைகள் போர்டில், திருத்தத்தோடு.

'ஏன் மற்றது வேண்டாம்' என்ற பகுதியை விட்டுவிட்டால் டாஸ்க் செத்துவிடும். ரயில் எண்ணை வட்டமிட்டுவிட்டு மூன்று நிமிடத்தில் கையைக் கட்டி உட்கார்ந்துவிடுவார்கள், ஒரு வார்த்தை ஆங்கிலம் வராது. தகவல் இடைவெளி (ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவருக்குச் சொல்வது), காரண இடைவெளி (கையில் உள்ள தகவலிலிருந்து யோசித்து முடிவுக்கு வருவது), கருத்து இடைவெளி (சொந்தக் கருத்தைச் சொல்வது) என்று பிரபு பிரித்த மூன்று வகைகளில் வகுப்பில் அதிகம் பலன் தந்ததாக அவர் கண்டது காரண இடைவெளியைத்தான். கடினத்தை அளக்கவும் அவர் ஒரு எளிய விதி வைத்திருந்தார். வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாகச் செய்ய வேண்டும். அதற்குக் குறைந்தால் அடுத்த முறை இரண்டு பஸ்ஸை எடுத்துவிடுங்கள். எல்லாரும் எல்லாம் சரி என்றால் ஒரு நிபந்தனையைக் கூட்டுங்கள்.

மறைமுகச் செலவு: ஒரு புது டாஸ்க் தயாரிக்க ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். வாரத்துக்கு ஒன்று போதும், அதற்கு மேல் தாங்காது. இன்னொரு செலவு மாணவரின் நம்பிக்கை. நோட்டில் எதுவும் இல்லாத ஹவர் அவருக்கு நடக்காத ஹவர். 'மிஸ், இது பரீட்சைக்கு வருமா?' என்ற கேள்வி நியாயமானது. அந்த மூன்று வாக்கியத்தையும் திருத்தப்பட்ட வடிவத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுத வைத்தால் அந்தக் கேள்விக்கு விடையாகிவிடும். தேர்வில் கடிதம், பத்தி எழுதும் வினாவுக்கு அதே மூன்று வாக்கியம் அடித்தளம் என்று காட்டியும் விடலாம்.

## டிடிடி: சோதி, கற்பி, சோதி

டெஸ்ட், டீச், டெஸ்ட் என்ற மூன்று படிகள். பத்துக் கேள்விகள், பத்து நிமிடம். விடையை நீங்கள் வாசிக்க, அவரவர் தாளை அவரவரே சரிபார்ப்பார். பின் கேள்வி வாரியாகக் கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள், நான்கு நிமிட வேலை. 45 பேருக்கு மேல் சரி என்றால் அந்தக் கேள்வியைத் தொடாதீர்கள். 20க்குக் கீழே என்றால் இன்றைய பாடம் அதுதான். நடுவில் விழுவதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். கடைசிப் பத்து நிமிடம் வேறு வாக்கியங்களில் அதே சோதனை.

கலவையான வகுப்புக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இது பெரிய உதவி. தெரிந்ததையே திரும்பக் கேட்டுச் சலித்த மெட்ரிக் பிள்ளைகளை மீட்டெடுக்கும். தனித்தனி மதிப்பெண்ணைச் சத்தமாகக் கேட்பது மட்டும் கூடவே கூடாது. ஜூன் மாதத்தில் பத்துக்கு இரண்டு என்று எல்லார் முன்னும் சொல்ல நேர்ந்த மாணவர் அந்த ஆண்டு முழுக்க வாய் திறக்கமாட்டார்.

## பின்னோக்கித் திட்டமிடல்: முடிவிலிருந்து தொடக்கத்துக்கு

அமெரிக்கக் கல்வியாளர்கள் விக்கின்ஸ், மெக்டை இருவரும் 1998இல் முன்வைத்த வடிவம் மூன்று கேள்விகள்: முடிவில் மாணவரால் என்ன செய்ய முடிய வேண்டும், செய்கிறார் என்பதற்கு என்ன சான்று, அதற்கு எந்தப் பாடவேளைகள்? மற்ற மூன்றும் ஒரு ஹவருக்கான வடிவம், இது செமஸ்டருக்கானது. ஆகவே அவற்றோடு இதைப் போட்டியாக வைப்பதே பிழை.

கணக்கைப் பாருங்கள். 90 வேலை நாள், ஆறு நாள் டே ஆர்டர், சுழற்சிக்கு ஆறு ஹவர் என்றால் தாளில் 90 ஹவர். இன்டர்னல் நாள்கள், கல்லூரி விழா, மழை, ஈடுகட்டும் சனிக்கிழமைகளில் பாதி காலியான பெஞ்ச் எல்லாம் சேர்த்து எழுபதை மட்டும் நம்புங்கள். யூனிட்டுக்குப் பன்னிரண்டு வீதம் அறுபது, மிச்சம் பத்து கையிருப்பு. நவம்பர், டிசம்பரில் இரண்டு ஹவருக்கு நீளும் பாடத்தை வைக்காதீர்கள். அன்றன்றே முடிகிற பாடங்களையே வையுங்கள்.

இந்த முறை கெடுவது கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' அமைப்புக்கான ஆவணத்தில். விளைவுப் பட்டியலில் 'அனலைஸ்', 'எவாலுவேட்' என்று, சிந்தனைத் திறன்களைப் படிப்படியாக அடுக்கிய புளூமின் சொற்கள் வரிசையாக நிற்கும், வினாத்தாளோ கதைச் சுருக்கம் கேட்கும். ஒவ்வொரு விளைவுக்கும் எதிரே 'எந்தத் தாளில், எத்தனையாவது வினாவில் இது தெரியவரும்?' என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாததை ஒன்று நீக்குங்கள், அல்லது துறை அனுமதித்தால் இன்டர்னல் அசைன்மென்டில் அதற்கு இடம் கொடுங்கள். பேச்சுத்திறன் பிழைத்திருக்க அந்த ஒரு வழிதான் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பிபிபி | டாஸ்க் வழி | டிடிடி | பின்னோக்கி |
|---|---|---|---|---|
| மாணவர் மொழியைக் கையாளும் நேரம் | 20 நிமிடம், கடைசிப் பகுதி பிழைத்தால் | 25–30 நிமிடம் | 20–25, பெரும்பாலும் எழுத்து | பாடவேளை வடிவத்தைப் பொறுத்தது |
| தயாரிப்பு | அரை மணி | ஒன்றரை மணிக்கு மேல் | முக்கால் மணி | ஜூனில் இரண்டு முழு நாள் |
| திருத்தும் சுமை | குறைவு | நடந்து பார்த்தால் குறைவு, வாங்கித் திருத்தினால் மூன்று மணி | ஏறக்குறைய இல்லை | சான்றை எப்படி வைக்கிறோமோ அப்படி |
| தேர்வோடு பொருத்தம் | இலக்கண வினாவுக்கு நேரடி | எழுத்து வினாவுக்கு, நோட்டில் பதிந்தால் | நன்று | மிக நன்று |
| விடுமுறை நடுவே விழுந்தால் | தாங்கும் | பாதியில் நின்றால் வீண் | தாங்கும் | கையிருப்பு வைத்தால் தாங்கும் |
| பதித்த பெஞ்ச் | தடையில்லை | பிரபு வடிவம் மட்டும் | தடையில்லை | தொடர்பில்லை |

## யாருக்கு எது?

முதல் செமஸ்டரைத் தொடங்குபவர் பின்னோக்கிக் கணக்கைப் போட்டுவிட்டு, சுழற்சியின் ஆறு ஹவரில் மூன்றை பிபிபியாகவும் ஒன்றை டாஸ்க்காகவும் வைத்து, இரண்டை நூல் வாசிப்புக்கு விடலாம். மூன்றாண்டு அனுபவமும் கவரில் பத்து டாஸ்க்குகளும் இருப்பவர் பிபிபியை ஒன்றாகக் குறைத்து, ஒரு டிடிடியைச் சேர்க்கலாம். மூன்று செக்‌ஷனை ஒருவரே பார்க்க நேர்ந்தால் புது டாஸ்க் தயாரிக்க ஆசைப்படாதீர்கள். மாதம் ஒரே ஒரு டாஸ்க்கை மூன்று இடத்திலும் நடத்துங்கள், மூன்றாவது முறை அது நன்றாக ஓடும்.

பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்புக்கு பிபிபி பொருந்தாது. கவிதையை விளக்கி, பழக்கி, உற்பத்தி செய்ய முடியாது. வரிக்கு வரி பொருள் சொல்லிக் குறிப்பு எழுதவைக்கும் பழக்கத்தில் மாணவர் நேரம் பூஜ்யம். பதினான்கு வரிக் கவிதை என்றால் வரிகளைக் கலைத்துக் கொடுத்து ஒலியியைபை வைத்து அடுக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் பேச்சின் திசை மாறுகிறது என்று காரணத்தோடு காட்டச் சொல்லுங்கள். அதுவும் காரண இடைவெளி டாஸ்க்தான். பொருள் சொல்லும் வேலையை அதன் பிறகு செய்தால் பாதி நேரத்தில் முடியும், ஏனென்றால் அதற்குள் அந்த வரிகளை ஒவ்வொருவரும் நாலைந்து முறை படித்திருப்பார்.

ஈடுகட்டும் சனிக்கிழமைக்கும் ஒரு திட்டம் தனியே இருக்க வேண்டும். அறுபதில் இருபத்தைந்து பேர் வருவார்கள். கடற்கரை ஊர்களிலிருந்தும் ரப்பர் தோட்டப் பக்கமிருந்தும் இரண்டு பஸ் மாறி வருபவர்கள் பலர் வரமாட்டார்கள். அன்று புதிய பாடம் எடுத்தால் திங்கட்கிழமை திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். மற்ற நாளில் முடியாத வில்லிஸ் வடிவம் அன்றைக்கு முடியும். பெஞ்ச் பாதி காலி, ஆறு குழுதான், எல்லாக் குழுவும் அறிக்கை வாசிக்க நேரம் உண்டு. கவரை எடுத்துப் போங்கள். அன்று எழுதிய அறிக்கைகளில் இரண்டைத் தேர்ந்து, திங்கட்கிழமை வராதவர்களுக்குத் திருத்தும் பயிற்சியாகப் போர்டில் எழுதிக் கொடுங்கள்.